ஆன் செய்தால் தானாகத் திறக்கும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன், அதற்குள் இருந்தது. விற்றவர்கள் கீபோர்டு, மவுஸ், ஆறு மாத வாரண்டி என்று எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார்கள். இதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது.

பிறர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் அதைத் தேடிப் போய்ப் படிக்கவில்லை. அதுவாகவே என் மூஞ்சிக்கு நேரே திறந்துகொண்டது. இரண்டாம் நாளும் படித்தேன் என்பது வேறு விஷயம்.

என் பெயர் சுபலட்சுமி. ஸ்ரீரங்கத்தில் மேலச் சித்திரை வீதியில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஐந்தாறு கதை எழுதுவேன், இரண்டு அச்சாகும். என் கணவர் ரங்கநாதன் என் கதைகளைப் படிப்பதில்லை. ஆனால் நான் எழுத உட்காருவதற்கு நல்ல நேரம் பார்த்துச் சொல்வார். அந்த நேரத்தில் உட்கார்ந்தும் திரும்பி வந்த கதைகளுக்கு அவர் பொறுப்பில்லை.

(இதில் வரும் மற்ற இருவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கணவர் பெயரை மட்டும் மாற்றவில்லை. அவர்தான் படிக்கப் போவதில்லையே.)

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன். அடித்தவற்றையும் வைத்திருக்கிறேன். பட்ட பாடு யாருக்காவது தெரிய வேண்டாமா?

முதல் தொடக்கம்: "உறையூரின் தெருக்களில் தறிச் சத்தம் மெல்ல ஓய்ந்துகொண்டிருந்த"

இந்தக் கதையில் தறியே கிடையாது. உறையூர் என்று எழுதியதும் கை பழக்கத்தில் தறிக்குப் போய்விட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அனுசுயாவுக்கு மனிதர்களைவிட இயந்திரங்களோடு பழகுவதுதான் சுலபமாக இருந்தது. ஏனென்றால் இயந்திரங்கள்"

பச்சைப் பொய். அனுசுயா வாய் ஓயாதவள். கடைக்கு ரிப்பேருக்கு வந்தவரிடம் பத்து நிமிஷத்தில் அவர் மச்சினன் வீட்டுச் சண்டை வரை கேட்டுத் தெரிந்துகொள்வாள். அவளுக்குப் பேச்சு வராத இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தின் பெயர் சிவசங்கர்.

மூன்றாவது: "புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அனுசுயா கடையில் தனியாக இருந்தாள்."

சரி, இது நிற்கும்.

3

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அனுசுயா கடையில் தனியாக இருந்தாள். உறையூரில் நாச்சியார் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அவளும் சிவசங்கரும் சேர்ந்து ஆறு வருஷமாக நடத்துகிறார்கள். திருகாணி, போர்டு, ஃபேன் எல்லாம் அவன் பக்கம். உள்ளே ஓடுகிற நிரல்கள் எல்லாம் அவள் பக்கம்.

"ரொம்ப ஸ்லோவா இருக்குங்க" என்று யார் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாலும் அவள் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். ஆன் செய்தவுடன் யாரும் கூப்பிடாமலே எத்தனை சாமான்கள் தானாகத் திறந்துகொள்கின்றன என்று பார்ப்பாள். ஸ்டார்ட்டப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் எதைப் போட்டு வைத்தாலும் கம்ப்யூட்டர் முதல் வேலையாக அதைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். வேண்டாதவற்றை அங்கிருந்து எடுத்துப் போடுவதுதான் ஆறு வருஷமாக அவள் பிழைப்பு.

(இங்கே 'மனசுக்கும் ஒரு ஸ்டார்ட்டப் ஃபோல்டர் உண்டு' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மூன்று நாள் நானே அதை ரசித்துவிட்டு எடுத்துவிட்டேன். நீங்களும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அன்றைக்கு மத்தியானம் டீ குடிக்கும்போது சிவசங்கர் சொல்லியிருந்தான்.

"ஞாயித்துக்கிழம மண்ணச்சநல்லூர் போறோம் அனு. பொண்ணு பார்க்க. அம்மா ஒரே நச்சரிப்பு."

"போயிட்டு வா. பஜ்ஜி வெங்காயமா வாழக்காயான்னு வந்து சொல்லு" என்றாள் அனுசுயா. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துச் சாயங்காலம் வரை தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. போனில் மெசேஜ் அனுப்பினால் நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே செத்துப்போக வேண்டும். அனுப்பிவிட்டு அழித்தாலோ, அழித்திருக்கிறாள் என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். அப்போதுதான் எதிரே மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பெஞ்ச் மெஷின் என்று சொல்வார்கள், கடையின் சொந்த உபயோகத்துக்கு உள்ளது. தினமும் காலை ஒன்பது மணிக்குச் சிவசங்கர்தான் கடையைத் திறந்து, பெருக்கி, ஊதுபத்தி ஏற்றிவிட்டு அதை ஆன் செய்வான். அவள் வர ஒன்பதே கால் ஆகும். அந்தக் கால் மணி நேரம் அவன் தனியாக இருப்பான். படிக்கலாம், யோசிக்கலாம். வேண்டாம் என்றால் முகத்தைச் சரிசெய்துகொள்ளவும் நேரம் இருக்கும்.

அவள் கடிதத்தை டைப் செய்தாள். ஸ்டார்ட்டப்பில் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

4

இப்போது என் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். எந்தக் கதையிலும் வேண்டாத நேரத்தில் ஒருவர் உள்ளே வர வேண்டும். எனக்கு அவர் கைவசம் இருக்கிறார்.

எங்களுக்கு விற்பதற்கென்று அவர்கள் கடையில் தயார் செய்து வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் அதே புதன்கிழமை போர்டு புகைந்துபோயிற்று. இவருக்கோ வியாழக்கிழமையை விட்டால் அந்த வாரத்தில் வேறு நாள் சரிப்படவில்லை. காலையில் எட்டு மணிக்கே சிவசங்கருக்குப் போன் போட்டார்.

"பத்தே முக்காலுக்கு நல்ல நேரம் ஆரம்பிக்கறது. வேற மிஷின் குடுத்தாலும் சரி. ஆனா ஒண்ணு, இன்னிக்குக் காலம்பற அதை அங்க யாரும் ஆன் பண்ணப்படாது. முதல் ஸ்விட்ச் எங்காத்துலதான் போடணும்."

"சார், ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டு..."

"நேத்திக்கு ஓடித்தோல்லியோ? இன்னிக்கும் ஓடும். பெருமாள் இருக்கார்."

நேற்று வரை நன்றாக ஓடியது என்று சிவசங்கருக்குத் தெரிந்திருந்த ஒரே மெஷின் பெஞ்ச் மெஷின்தான். கடைக்கு வேறு ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, ஆன் செய்யாமலே துணி சுற்றி, எட்டரைக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டான். கடையில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தான். காவிரிப் பாலம் தாண்டி, அவனுக்கான கடிதத்தை அவனே மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

(இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவன் மடியில் வைத்திருந்தது மானிட்டர். கடிதம் இருந்த பெட்டி காலடியில் இருந்தது. உண்மைக்கும் அழகுக்கும் எப்போதும் ஒரு சாண் தூரம்.)

5

ஒன்பதே கால். அனுசுயா படியேறினாள். கடை திறந்திருந்தது. பக்கத்துத் தையல் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் போல. மேஜை காலியாக இருந்தது. சீட்டில், "ஸ்ரீரங்கம் பார்ட்டிக்கு நம்ம பெஞ்ச் மெஷினையே குடுத்துடறேன். பத்தே முக்காலுக்குத்தான் ஆன் பண்ணணுமாம். சிவா" என்று இருந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கூடத்தில், விளக்கேற்றி வைத்து, ஒரு குடும்பமே சுற்றி நின்றுகொண்டிருக்க, அந்தக் கடிதம் திறக்கப் போகிறது. பக்கத்தில் சிவசங்கரும் நிற்பான். அவன் படிக்க வேண்டும் என்றுதான் எழுதினாள். ஆனால் இப்படியா?

இதற்குப் பிறகு இரண்டு பக்கம் அவளை ஓட விட்டிருந்தேன். "அனுசுயா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. பாலத்தில் நெரிசல். மாம்பழச் சாலையில்"

அடித்துவிட்டேன். போன் என்று ஒன்று இருக்கிறதே? போன் வந்த பிறகு கதைகளில் யாருக்கும் ஓட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. சிவசங்கரின் போனில் சார்ஜ் தீர்ந்துபோனதாக எழுதிப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அவள் போன் செய்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அந்தப் போன் அடித்தது என் வீட்டுக் கூடத்தில். எனக்குப் புரியாதது வேறு. சீட்டைப் பார்த்தது ஒன்பதே கால். போன் வந்தது பத்தே முக்காலைத் தாண்டி. நடுவில் ஒன்றரை மணி நேரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

இந்த இடத்தில் அவள் மேல் எனக்கு நம்பிக்கை போய்விடுகிறது. பயந்தவள் உடனே போன் செய்திருப்பாள், துணிந்தவள் செய்யாமலே இருந்திருப்பாள். இவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். நடக்கட்டும் என்று ஒரு நிமிஷம், ஐயோ என்று மறு நிமிஷம்.

6

இந்தப் பகுதி கற்பனை இல்லை. நான் கண்ணால் பார்த்தது.

பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "ம், இப்போ" என்றார். நான் ஸ்விட்சைப் போட்டேன். திரை வெளிச்சமாகி, பாஸ்வேர்ட் கேட்டு நின்றது. சிவசங்கர் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்போதுதான் போன் அடித்தது.

"சொல்லு அனு."

( )

"இன்னும் இல்ல. பாஸ்வேர்ட் போடப் போறேன்."

( )

"ஷிஃப்ட்டா? எதுக்கு?"

( )

"சரி. கேக்கல."

அடைப்புக்குறிக்குள் அவள் சொன்னது இருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை. நானே எழுதி நிரப்பியிருக்கலாம், நான்கு விதமாக நிரப்பியும் பார்த்தேன். எதுவும் அவன் முகத்துக்குப் பொருந்தவில்லை.

அவன் பாஸ்வேர்டைப் போட்டு எண்டரைத் தட்டினான். உடனே இடது கையால் ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். திரையில் எல்லாம் வந்து அடங்கும் வரை விடவில்லை.

விஷயம் இதுதான். அப்படிப் பிடித்துக்கொண்டால் ஸ்டார்ட்டப்பில் இருப்பது எதுவும் திறக்காது. இதை அன்று நான் அறியேன், பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் சிவசங்கர் அறிவான். அவன் தொழிலே அது. தன் கூட்டாளி இந்த மெஷினில் எதையோ வைத்திருக்கிறாள், அது திறக்கக் கூடாது என்று நினைக்கிறாள் என்பது அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு கிளிக்கில் அது என்னவென்று பார்த்திருக்கலாம். அவன் பார்க்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து முட்டிமேல் வைத்துக்கொண்டான்.

"ஏன் அதையே அமுக்கிண்டு இருந்தேள்?" என்று இவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க சார். முதல் தடவ அப்படித்தான்."

என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா? அதுக்கும் ஒரு சம்பிரதாயம் இருக்கு" என்றார் என்னிடம்.

அன்று சாயங்காலமே நான் கம்ப்யூட்டரைப் போட்டபோது பக்கத்தில் வந்து நின்று, ஷிஃப்ட்டைப் பிடிக்கச் சொல்லி, பெருமாள் பெயர் ஒன்றும் சொல்லச் சொன்னார். பிடித்தேன், சொன்னேன். கடிதம் திறக்கவில்லை.

7

வெள்ளிக்கிழமை காலையில் இவர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் சம்பிரதாயம் எதுவும் பார்க்காமல் ஆன் செய்தேன். திறந்துகொண்டது.

மொத்தம் பதினாறு வரி. அதை இங்கே தரமாட்டேன். அந்த அளவுக்காவது எனக்கு மானம் இருக்கிறது. இரண்டு வரி மட்டும் தருகிறேன், அந்த அளவுக்குத்தான் இருக்கிறது:

"ஞாயித்துக்கிழம மண்ணச்சநல்லூர் போகாத சிவா. போனா, டிபன் நல்லா இருந்துச்சுன்னு வந்து என்கிட்ட சொல்லாத."

படித்து முடித்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் பொறாமையாக இருந்தது. முப்பது வருஷமாக எழுதுகிறேன், இப்படி இரண்டு வரி எனக்கு வந்ததில்லை. அதற்கும் அப்புறம்தான் அந்தப் பெண்ணை நினைத்து மனசு கஷ்டப்பட்டது. வரிசை சரியில்லைதான். நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு அவள் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வருவாள், வந்து அதை எடுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சனிக்கிழமை காலையில் மறுபடி திறந்தது, மறுபடி படித்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

எனக்கு முன்னால் சில முடிவுகள் இருந்தன. நானே அதை அழித்துவிடலாம். யாருக்கும் தெரியாது, சிவசங்கர் மண்ணச்சநல்லூரில் பஜ்ஜி சாப்பிடுவான், கதை கௌரவமாக முடியும். கௌரவமான கதைகளை நிறைய எழுதிவிட்டேன், அவைதான் திரும்பி வருகின்றன. இல்லையென்றால், திரையைப் படம் எடுத்து அவனுக்கே அனுப்பிவிடலாம். கை துறுதுறுத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அது அவள் வாயில் நான் கையை விட்டுப் பேச்சை எடுப்பது மாதிரி. கதாபாத்திரங்களிடம் அப்படிச் செய்யலாம், உறையூரில் இருக்கிற பெண்ணிடம் செய்யக் கூடாது. கணவரிடம் யோசனை கேட்கலாம் என்றும் ஒரு

இல்லை. அதை எழுதவே வேண்டாம்.

8

கடை நம்பருக்குப் போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள்.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து பேசறேம்மா. வியாழக்கிழமை மிஷின் வாங்கினோமே. ஆன் பண்ணா ஏதோ ஒண்ணு தானா திறந்துக்கறது."

வாய் ஓயாதவள் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"மாமி... படிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. கண்ணாடியைக் காணல, தேடிண்டு இருக்கேன்" என்றேன். கண்ணாடி என் மூக்கின்மேல் இருந்தது.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "அது ரெண்டு நிமிஷ வேலதான் மாமி. நானே வந்து எடுத்துடறேன்" என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "சரிம்மா, வா" என்றேன். ஆனால் அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. தெருவில் யாரோ ஹாரன் அடித்துவிட்டுப் போனது உறையூரிலிருந்து எனக்குக் கேட்டது.

"மாமி."

"சொல்லும்மா."

"நான் வரல. சிவாவ அனுப்பறேன்."

"ம்."

"அவன் வந்தான்னா... ஷிஃப்ட்ட பிடிக்க வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லிடுங்க."

வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தாள். நான் ஒரு மணி நேரமாக மனசுக்குள் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்த இடத்தை அவள் ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

9

பதினொன்றரைக்குச் சிவசங்கர் வந்தான். பையைக் கீழே வைத்தான். "என்ன மாமி, ஏதோ திறக்குதாமே?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாம்ப்பா. அனு ஒண்ணு சொல்லச் சொன்னா. ஷிஃப்ட்டைப் பிடிக்க வேண்டாமாம்."

அவன் பையைக் காலால் ஓரமாக நகர்த்தினான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஸ்விட்சைப் போட்டான். திரை வெளிச்சமாயிற்று. பாஸ்வேர்டை அடித்தான். எண்டரைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

இதற்கு மேல் நான் இங்கே நிற்பது நன்றாக இருக்காது. அடுக்களைக்குப் போகிறேன். அவனுக்குக் காப்பி கலக்க வேண்டும், கோயிலிலிருந்து இவர் வந்தால் வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கவும் வேண்டும். கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நீங்கள் கூடத்திலேயே இருங்கள். அவன் முகம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பார்த்ததை மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். நான் எழுதிவிடுவேன்.